ஓடச் சொல்லித் தரும், சீனியைப் பற்றிப் பேசாது: நீரிழிவு உள்ளவரின் பார்வையில் ‘கவுச் டு 5கே’ செயலி

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ். இலவசமாக வழங்கும் ‘கவுச் டு 5கே’ (சாய்விருக்கையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கு) என்ற கைத்தொலைபேசிச் செயலி, பேருந்தைப் பிடிப்பதற்குத் தவிர வேறெதற்கும் ஓடியறியாதவர்களை ஒன்பது வாரங்களில் அரை மணி நேரம் இடைவிடாது ஓடக்கூடியவர்களாக ஆக்குவதற்கென்று அமைக்கப்பட்டது. நான் ஐம்பதைக் கடந்தவன். கிழக்கு லண்டனில் வசிப்பவன். இரண்டாம் வகை நீரிழிவுக்கு மெற்போமின், கிளிக்லசைட் என்ற இரு குளிசைகளை எடுத்து வருபவன். திட்டத்தை முழுமையாக முடித்திருக்கிறேன். ஓட்டப் பயிற்சி என்ற அளவில் இச்செயலி மிகச் சிறந்தது என்பதையும், நீரிழிவு உள்ளவர் இதை மட்டும் நம்பி வீதியில் இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்குள்ள நம்மவர்களுக்கு இந்த விடயம் பொழுதுபோக்கு அல்ல. தெற்காசியப் பின்னணி கொண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று பிரித்தானிய மருத்துவ வட்டாரங்கள் சொல்கின்றன. அவர்களுக்கு 40 வயதுக்குப் பின் கணக்கில் எடுக்கப்படும் ஆபத்து நமக்கு 25 வயதிலிருந்தே எடுக்கப்படுகிறது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைச் சுட்டெண்ணிலும் (பி.எம்.ஐ.) அவர்களுக்கு 25 என்றிருக்கும் எல்லை நமக்கு 23. லண்டனில் நம்மவர் கூடி வாழும் ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ ஹரோவிலோ ஒரு கலியாண மண்டபத்தில் சீனி போடாத தேநீர் கேட்பவர்களை எண்ணிப் பார்த்தால் இந்தப் புள்ளிவிவரம்கூடத் தேவைப்படாது. இவர்கள் எல்லோரிடமும் குடும்ப வைத்தியர் ‘உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று சொல்லியிருப்பார். எப்படி, எந்த வேகத்தில், எந்தக் குளிசையை எப்போது போட்டுக்கொண்டு என்பதை விளக்குவதற்குப் பத்து நிமிடச் சந்திப்பில் இடமிருப்பதில்லை.

திட்டத்தின் மூலவடிவம் என்.எச்.எஸ். வகுத்ததன்று. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பது கடந்த தம் தாயாரைப் போன்றவர்களும் ஓட்டத்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே வெறுத்துக் கைவிடாதிருக்க வேண்டும் என்று எண்ணி, 1996இல் இதனை வகுத்தார். அதையே சிறு மாற்றங்களோடு என்.எச்.எஸ். எடுத்துக்கொண்டது. வாரத்துக்கு மூன்று ஓட்டங்கள். இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் ஓய்வு நாள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட விரைவு நடையுடன் தொடங்கும். முதல் வாரத்தில் 60 வினாடி ஓட்டமும் 90 வினாடி நடையுமாக 20 நிமிடங்கள். இரண்டாம் வாரத்தில் 90 வினாடி ஓட்டமும் இரண்டு நிமிட நடையும். மூன்றாம் வாரத்தில் முதன்முறையாக மூன்று நிமிட ஓட்டம். நான்காம் வாரத்தில் ஐந்து நிமிடம். இப்படி நடை குறைந்து ஓட்டம் நீண்டு, ஏழாம் வாரத்தில் 25 நிமிடமும் எட்டாம் வாரத்தில் 28 நிமிடமும் ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடமுமாக முடிகிறது.

செயலியின் வேலை இந்த நேரக்கணக்கைக் காதுக்குள் சொல்வதுதான். ‘இப்போது ஓடுங்கள்’, ‘பாதி தூரம் வந்துவிட்டீர்கள்’, ‘இன்னும் ஒரு நிமிடம்’ என்று நாம் தெரிவு செய்த பயிற்சியாளரின் குரல் வரும். நாம் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு அந்த நேரத்தில் தாழ்ந்து மீண்டும் எழும். குரல் கொடுப்பவர்களுள் நகைச்சுவைக் கலைஞர்களான சாரா மில்லிகனும் சஞ்சீவ் கோலியும், வானொலி அறிவிப்பாளர் ஜோ வைலியும் உள்ளனர். நான் தெரிவு செய்தது மைக்கேல் ஜோன்சனை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 200 மீற்றரிலும் 400 மீற்றரிலும் தங்கம் வென்ற அந்த மனிதர், 2018இல் பக்கவாதம் வந்து நடப்பதையே மீண்டும் பழக வேண்டியிருந்தவர். மெதுவாகத் தொடங்குங்கள் என்று அவர் சொன்னால் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. ஒரு ஓட்டத்தையோ ஒரு வாரத்தையோ எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். பணம் கேட்கும் ஓட்டச் செயலிகள் பல இருக்கின்றன. தொடக்கக்காரருக்கு அவற்றில் இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை என்பது என் கருத்து.

நீரிழிவு உள்ளவருக்கு இத்திட்டம் பொருந்துவதற்கு முக்கியக் காரணம் அதன் நிதானம். தசை சுருங்கும்போது குளுட்-4 என்ற கடத்திப் புரதங்கள் இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமலே தசைக்கலத்தின் மேற்பரப்புக்கு வந்து இரத்தத்திலுள்ள குளுக்கோசை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத உடம்புக்கு இது மாற்று வழி. ஓட்டம் முடிந்த பின்னரும் இன்சுலின் மீதான உணர்திறன் ஒரு நாள், சிலருக்கு இரண்டு மூன்று நாள் கூடியிருக்கும்; பின்னர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் உடற்பயிற்சி இல்லாமல் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் போகவிட வேண்டாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. திங்கள், புதன், வெள்ளி என்று செயலி சொல்லும் ஒழுங்கில் ஓடினால், நீரிழிவை மனத்தில் வைத்து வகுக்கப்படாத இந்தத் திட்டம் அந்த அறிவுரைக்குள் சரியாக அடங்கிவிடுகிறது. கடும் வேகத்தில் ஓடினால் அட்ரினலின் சுரந்து, ஈரல் குளுக்கோசை வெளியே விட்டு, ஓட்டம் முடியும்போது சீனி ஏறியிருப்பதைக்கூடக் காணலாம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அந்தச் சிக்கல் குறைவு. இரவு உணவாகப் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து 9.8 இருந்த என் அளவு, அன்றைய ஓட்டத்துக்குப் பின் 6.3 ஆக இருந்ததைப் பார்த்தபோது, குளிசைப் பெட்டி கற்பிக்காத ஒன்றைக் கற்றுக்கொண்டதாக உணர்ந்தேன். (இங்கு இரத்தச் சீனியை லீற்றருக்கு மில்லிமோல் அளவில் சொல்வது வழக்கம். ஊரிலும் தமிழ்நாட்டிலும் சொல்லும் மில்லிகிராம் கணக்குக்கு 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 9.8 என்பது அங்கே ஏறத்தாழ 176.)

குறைகளுக்கு வருகிறேன். உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள் தொடங்குமுன் வைத்தியரிடம் பேசுங்கள் என்ற பொது அறிவுறுத்தலை என்.எச்.எஸ். தருகிறது. அதற்குப் பிறகு, குரல் நம்மிடம் பேசுவது குளிசை எதுவும் எடுக்காத ஓர் உடம்போடு பேசுவதைப் போலத்தான். இதில் எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுவது ஒன்று உண்டு. வியர்த்தல், நெஞ்சு படபடத்தல், கால் நடுங்குதல், தலை லேசாதல் ஆகிய நான்கும் புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு இயல்பாக வருபவை. இதே நான்கும் இரத்தச் சீனி 4க்குக் கீழே இறங்கும்போது வரும் தாழ்சீனியின் அறிகுறிகளும் ஆகும். காதுக்குள் ஒருவர் ‘கடினமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்’ என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருக்கும்போது, இது களைப்பா சீனி இறக்கமா என்று பிரித்தறியும் பொறுப்பு முழுவதும் ஓடுபவரின் தலையில் விழுகிறது. சீனி இறங்கினால் முதலில் மங்குவதும் அந்தத் தலைதான்.

பிரித்தறிவதற்கு நான் கைக்கொண்ட வழிகள் எளியவை. ஓட்டக் களைப்பு, நடைக்கு மாறிய ஒன்றிரண்டு நிமிடங்களில் தணியத் தொடங்கும். சீனி இறக்கம் நடந்தாலும் தணியாது. களைப்பில் பசி வராது. சீனி இறக்கத்தில் திடீரென்று வயிற்றைப் பிடுங்கும் பசி, உதட்டோரத்தில் ஊசி குத்துவது போன்ற கூச்சம், காரணமில்லாத எரிச்சல், எளிய கணக்கொன்றைப் போட முடியாத குழப்பம் ஆகியவை சேர்ந்து வரும். ஐயம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். செயலியிலும் இடைநிறுத்தும் பொத்தான் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ ‘பீட்டா புளொக்கர்’ வகை மருந்து எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளித் தெரியாமலே சீனி இறங்கலாம் என்பதால், அவர்கள் உணர்வை நம்பாமல் அளவையே நம்ப வேண்டும்.

ஆனால் நீரிழிவு உள்ள எல்லோருக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சீனி வருவது அரிது. கிளிக்லசைட் போன்ற சல்போனைல்யூரியா வகைக் குளிசைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்வதால், அவற்றை எடுப்பவருக்கு ஆபத்து உண்டு. இன்சுலின் ஊசி போடுபவருக்கு அதைவிட அதிகம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய குளிசைகள் சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை; அவற்றால் வரும் நீரிழப்பை வெயில் நாளில் ஓடுபவர் மறக்கக் கூடாது. ஓடத் தொடங்கப் போகிறேன் என்று எங்கள் மருத்துவ நிலையத்தின் நீரிழிவுத் தாதியிடம் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது என் எடையை அல்ல, கிளிக்லசைட்டை எத்தனை மணிக்குப் போடுகிறேன் என்பதைத்தான். ஓடும் நாட்களில் அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பதை அவர் வைத்தியருடன் பேசித் தீர்மானித்துத் தந்தார். ஆளுக்கு ஆள் மாறும் முடிவு என்பதால் எனக்குச் சொல்லப்பட்டதை இங்கே எழுதவில்லை. செயலியைத் திறக்குமுன் பேச வேண்டிய ஆள் தாதிதான் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

கிளிக்லசைட் வகையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஓடுமுன் அளந்து பார்ப்பது அவசியம். 5க்குக் கீழே இருந்தால் முதலில் 15 முதல் 30 கிராம் மாச்சத்து எடுத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. அளக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டுக் குளிரில் அதுவே ஒரு பிரச்சினை. சனவரிக் காலையில் வான்ஸ்டட் பிளாட்ஸ் புல்வெளியோரம் நின்று விரல்நுனியில் குத்தினால் இரத்தம் வராது. விரல் வெளிறி, மெழுகு போலிருக்கும். பிதுக்கிப் பிதுக்கி ஒரு துளியை எடுத்துப் பட்டியில் வைத்தால், அளவுமானியின் திரையில் எண்ணுக்குப் பதிலாக வெப்பமானியின் படம் தோன்றும். இந்தக் கருவிகளிற் பல, மாதிரியைப் பொறுத்து 5 அல்லது 10 பாகை செல்சியசுக்குக் கீழே சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே வீட்டிலேயே வெந்நீரில் கையைக் கழுவி, துடைத்து, அளந்துவிட்டு வெளியே வருவதுதான் சரி. வெளியில் இன்னொருமுறை அளக்க வேண்டியவர்கள் அளவுமானியை உள்சட்டைப் பைக்குள் உடல்சூட்டில் வைத்திருக்கலாம். குளுக்கோசு வில்லையைத் தொட்ட கையோடு அளந்தால் விரலிலுள்ள சீனியும் சேர்ந்து இல்லாத உயர்வைக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஓடுவது அளக்காமல் ஓடுவதைவிட மோசமானது.

மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் ‘ஃப்ரீஸ்டைல் லிப்ரே’ போன்ற உணரிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவை இரத்தத்தை அளப்பதில்லை, கலங்களுக்கு இடையிலுள்ள திரவத்தை அளக்கின்றன. ஓட்டத்தில் சீனி வேகமாக இறங்கும்போது உணரி காட்டும் எண் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். 5.2 என்று திரை காட்டி, அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால், இரத்தத்தில் அதைவிடக் குறைவு என்றே கொள்ள வேண்டும். மெற்போமின் மட்டும் எடுக்கும் இரண்டாம் வகையினருக்கு அளக்கும் பட்டிகளை என்.எச்.எஸ். வழக்கமாகத் தருவதில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அளக்கும் தேவையும் பெரும்பாலும் இல்லை. ஆர்வத்துக்காக அளப்பதென்றால் கைக்காசுதான்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. 15 முதல் 20 கிராம் வரை விரைவாகச் சமிக்கும் சீனி: குளுக்கோசு வில்லைகள் நான்கைந்து, அல்லது சிறு பெட்டிப் பழச்சாறு ஒன்று. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அளந்து, 4க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு எடுக்க வேண்டும். சொக்கிலேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஓட்டத்தன்று இரவும் கவனம் தேவை, ஏனெனில் வெறுமையாகிய தசைகள் மணிக்கணக்காகக் குளுக்கோசை எடுத்துக்கொண்டே இருக்கும். மாலையில் ஓடிவிட்டு, மெலிவதற்காக இரவுச் சாப்பாட்டையும் தவிர்த்து, கிளிக்லசைட்டையும் போட்டுக்கொண்டு படுப்பது வைத்தியசாலைக்குப் போகும் குறுக்குவழி.

கால்களைப் பற்றிச் செயலி தரும் அறிவுரை, பொருத்தமான ஓட்டச் சப்பாத்து வாங்குங்கள் என்ற அளவில் நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்கு அது போதும். நீரிழிவால் நரம்புணர்ச்சி மங்கிய காலில் ஒரு சிறு கல்லும் காயமாகும், காயம் புண்ணாகும், வலி மட்டும் தெரியாது. ஆண்டுக்கொருமுறை மருத்துவ நிலையத்தில் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை எல்லா நீரிழிவுக்காரருக்கும் உண்டு; கடைசியாக எப்போது செய்தீர்கள் என்பது நினைவில்லை என்றால், சப்பாத்துக் கடைக்குப் போகுமுன் அதைச் செய்துகொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்தில் வீட்டிலேயே செய்யக்கூடிய ‘இப்ஸ்விச் தொடு சோதனை’ என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, வீட்டிலுள்ள ஒருவர் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியைச் சுட்டுவிரலால் மெல்லத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற் போனால் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

சப்பாத்து வாங்குவதை மாலையில் வைத்துக்கொண்டால் நல்லது. நாள் முழுவதும் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். மிக நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் முனைக்கும் இடையில் ஒரு கைப்பெருவிரல் அகலம் இருக்க வேண்டும். தையல் மேடு இல்லாத காலுறை தேவை. ஒவ்வொரு முறையும் அணியுமுன் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பதும், வந்தவுடன் காலுறையைக் கழற்றி விரலிடுக்குவரை பார்ப்பதும் என் வழக்கமாகிவிட்டன. வெள்ளைக் காலுறை போட்டால் ஒரு துளி இரத்தமும் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த சப்பாத்துக்கு இந்த வேலைகளில் ஒன்றையும் செய்யத் தெரியாது.

திட்டத்தின் ஒன்பது வாரக் கணக்கை நான் விதியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் வாரம் இதற்குக் காரணம். அந்த வாரத்தின் முதல் ஓட்டத்தில் ஐந்து நிமிட ஓட்டங்கள் மூன்று, இரண்டாவதில் எட்டு நிமிட ஓட்டங்கள் இரண்டு. மூன்றாவதில் ஒரேயடியாக 20 நிமிடம், இடையில் நடையே கிடையாது. இளைஞர்களுக்கு இது தன்னம்பிக்கை தரும் தாவலாக இருக்கலாம். நமக்கு, குறிப்பாகக் கிளிக்லசைட்டோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, 16 நிமிட ஓட்டத்தில் சீனி எவ்வளவு இறங்குகிறது என்று பழகிக்கொண்டிருக்கும்போதே கணக்கு மாறிவிடுகிறது. நான்காம் வாரத்தையும் ஐந்தாம் வாரத்தின் முதலிரு ஓட்டங்களையும் திரும்பத் திரும்பச் செய்து, அளவுகள் நிலைப்பட்ட பின்னரே 20 நிமிடத்துக்குப் போனேன். அதுவும் முடியாதவர்கள் ஓட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலவே, ஓட்டத்துக்கு இடையிடையே நடப்பதைத் தொடக்கக்காரரின் ஊன்றுகோலாகக் கொள்ளாமல் நிரந்தர முறையாகவே வகுத்திருக்கிறார். அந்த முறையில் மாரத்தன் முடித்தவர்கள் ஏராளம். நடையை முற்றாக விலக்குவதையே வெற்றியாகக் காட்டுவது இச்செயலியின் பார்வைக் குறுக்கம் என்பேன்.

வான்ஸ்டட் பிளாட்சில் காலைநடைக்கு வரும் ஒரு பெரியவர், நான் நடையும் ஓட்டமுமாகப் போவதைச் சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் மறித்துக் கேட்டார்: “தம்பி, நடந்தால் காணாதோ? சலரோகத்தோட என்னத்துக்கு ஓட்டம்?” நான், “நடையும் இருக்குது அண்ணை, முதல் கிழமையில நடைதான் கூட” என்று செயலியைக் காட்டினேன். அவர் காதொலிப்பானைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “இவர் இங்கிலிசில கதைக்கிறார், எனக்குப் பிடிபடாது” என்று திருப்பித் தந்தார். அவருடைய முதல் கேள்வி நியாயமானதே. விறுவிறுப்பான நடை நீரிழிவுக்குப் போதிய உடற்பயிற்சிதான். ஓட்டம் அதே பயனைக் குறைந்த நேரத்தில் தருகிறது, அவ்வளவே. இரண்டாவது முறைப்பாடு இன்னும் நியாயமானது. தெற்காசியருக்கு இந்நோய் அதிகம் என்று எல்லா அறிக்கைகளிலும் எழுதும் ஒரு சேவை, தமிழிலோ உருதுவிலோ வங்காளத்திலோ குஜராத்தியிலோ ஒரு குரலைப் பதிவு செய்து வைக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் சொல்லப்படுபவை சில வசனங்களே. பிள்ளைகள் இருந்தால், வாரத்தின் நேர அட்டவணையைத் தாளில் எழுதி, மணிக்கூட்டின் நிறுத்துகடிகாரத்தோடு பெற்றோருக்குக் கொடுக்கலாம். செயலி செய்வதில் முக்கால்வாசி அதுவே.

பெயரிலுள்ள ஐந்து கிலோமீற்றரை நம்பி ஒன்பதாம் வாரத்தில் ஏமாற வேண்டாம். திட்டம் தருவது 30 நிமிட ஓட்டம். அதற்குள் ஐந்து கிலோமீற்றர் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு கிலோமீற்றரையும் ஆறு நிமிடத்தில் கடக்க வேண்டும். ஐம்பது கடந்த புதியவருக்கு அது இலகுவான வேகமன்று. மூன்றரையோ நான்கோ கிலோமீற்றர் வந்தால் அது முழுமையான வெற்றி. வேகத்தைக் கூட்டித் தூரத்தை எட்டுவதைவிட அதே வேகத்தில் நேரத்தைக் கூட்டுவது முழங்காலுக்கும் சீனிக்கும் நல்லது. இன்னொன்று, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு என்பதோடு, இரண்டு நாள் தசைவலுப் பயிற்சியும் வேண்டும் என்பது பிரித்தானிய மருத்துவ அறிவுரை. முதற்பகுதியை ஓட்டத் திட்டம் ஏறத்தாழ நிறைவு செய்கிறது. இரண்டாம் பகுதி திட்டத்தில் இல்லை. குளுக்கோசை எடுத்துக்கொள்ளும் தசையே குறைவாக உள்ள உடம்புகள் நம்முடையவை. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்வதும், படிக்கட்டில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும் ஓய்வு நாட்களில் சேர வேண்டும்.

சிலர் இச்செயலியை இப்போதைக்குத் தொடவே கூடாது. பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள், விழித்திரையில் புதிய இரத்தக்குழாய்கள் முளைக்கும் நிலைக்கு வந்துவிட்டதாகக் கண் பரிசோதனையில் சொல்லப்பட்டவர்கள், நடக்கும்போதே நெஞ்சில் இறுக்கம் வருபவர்கள் ஆகியோர் அவற்றுக்கான சிகிச்சைக்குப் பின்னரே ஓட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் கணக்கு வேறு. அவர்கள் ஓட்டத்துக்கு முன் சீனி 14க்கு மேல் இருந்தால், இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேரும் கீற்றோன் என்ற பொருளையும் அளந்து பார்க்க வேண்டும். அதன் விவரங்களை அவர்களுடைய வைத்தியக் குழுவே சொல்ல வேண்டும்.

செயலி முடிந்த பின் போக வேண்டிய இடம் ‘பார்க்ரன்’ என்று தயக்கமின்றிச் சொல்வேன். 2004ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய இந்த நிகழ்வு, இன்று சனிக்கிழமைதோறும் நூற்றுக்கணக்கான பூங்காக்களில் நடக்கிறது; வான்ஸ்டட் பிளாட்சிலும் உண்டு. தூரம் ஐந்து கிலோமீற்றர், கட்டணம் இல்லை, ஒருமுறை பதிவு செய்து பட்டைக்குறியீட்டைக் கொண்டு போனால் போதும். கடைசி ஆளாக வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பதால், முழுத்தூரமும் நடந்தாலும் நீங்கள் கடைசியாக வர முடியாது. நீரிழிவுக்காரர் கவனிக்க வேண்டியது நேரத்தை. இங்கிலாந்தில் ஓட்டம் தொடங்குவது காலை 9 மணிக்கு. எட்டு மணிக்குக் குளிசையும் பாணும் எடுத்துவிட்டு வந்தால் மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரமும் ஓட்டமும் ஒன்றாக வரும். சனிக்கிழமைக் குளிசை நேரத்தைத் தாதியிடம் தனியாகக் கேட்டு வையுங்கள்.

காரில் வந்து திரும்பிப் போகும் இன்சுலின்காரர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஓட்டம் முடிந்து வாகனத்தில் ஏறுமுன் அளந்து பார்க்க வேண்டும். 5க்குக் குறைந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் செலுத்த வேண்டும். 4க்குக் குறைந்தால் செலுத்தவே கூடாது. குளுக்கோசு எடுத்து அளவு 5க்குத் திரும்பிய பின்னும் 45 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டு வாகன அனுமதித் துறையின் விதி. பெரும்பாலான பார்க்ரன்களில் ஓட்டம் முடிந்ததும் பக்கத்திலுள்ள தேநீர்க் கடைக்குப் போகும் வழக்கம் இருக்கிறது. அந்த 45 நிமிடத்தை அங்கே கழிக்கலாம்.